பின்னாலிருந்து எண்ணும் நெஸ்டட் லூப்: பரீட்சைக்கு மட்டும்தானா?

கேள்வி: நெஸ்டட் லூப் என்றால் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். அதில் வெளி லூப், உள் லூப் இரண்டையும் பெரிய எண்ணில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருமாறு எழுதச் சொல்கிறார்கள். நிஜ வேலையில் இது எங்காவது பயன்படுமா, லேப் பரீட்சையோடு சரியா?

பயன்படும். ரிஜெக்ட் ஆன தோல் கட்டிங் மேஜைக்குப் போகாமல் நிறுத்தியது இந்த லூப்தான் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

நீங்கள் பிசிஏ அல்லது பிஎஸ்சி படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் வரியில் 5 4 3 2 1, அடுத்த வரியில் 5 4 3 2 என்று முக்கோணம் அச்சிடும் புரோகிராம் ரெக்கார்ட் நோட்டில் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

எனக்குக் குடியாத்தம். பேரணாம்பட்டில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் ஒரு யூனிட்டில் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்த்தேன். எல்லாம் எக்ஸெல்தான். ஒரு வரிசைக்கு ஓர் ஆர்டர். அதில் 3-ஆவது கட்டம் முதல் 8-ஆவது கட்டம் வரை அந்த ஆர்டருக்கு ஒதுக்கிய தோல் லாட் நம்பர்கள். தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்த லாட் ஒன்று ரிஜெக்ட் ஆனால் அந்த நம்பரை எல்லா ஆர்டரிலிருந்தும் நீக்க வேண்டும். மீதி நம்பர்கள் இடப்பக்கம் நகர வேண்டும். ஒரு லாட்டும் மிஞ்சாத வரிசையை முழுசாக எடுத்துவிட வேண்டும். இதற்கு வெளியாள் ஒருவர் மேக்ரோ, அதாவது எக்ஸெல்லுக்குள் தானாக ஓடும் சின்ன புரோகிராம், எழுதிக் கொடுத்திருந்தார். பெரும்பாலும் சரியாகவே ஓடும். என்றைக்காவது ஒருநாள் ரிஜெக்ட் லாட் ஒன்று லிஸ்டில் அப்படியே நிற்கும். பழி டைப் அடிக்கும் பெண்கள் தலையில் விழும். "ஏம்மா, பாத்துப் போட மாட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அவர்கள் பார்த்துத்தான் போட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மேக்ரோவைத் திறந்து பார்த்தேன். உள் லூப் 3-லிருந்து 8 வரை ஏறுமுகமாக ஓடியது. 4-ஆவது, 5-ஆவது கட்டங்கள் இரண்டிலும் ரிஜெக்ட் லாட் இருக்கிறது என்று வையுங்கள். உள் லூப் எண்ணும் மாறியான ஜே 4 ஆக இருக்கும்போது அந்தக் கட்டத்தை நீக்கியதும் 5-இல் இருந்தது 4-க்கு வந்துவிடும். ஜே அடுத்து 5-க்குப் போய்விடும். 4-க்கு வந்ததை யாரும் பார்க்கவே இல்லை. பந்தியில் ஒருவர் எழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் அந்த இலைக்கு நகர்ந்துவிட்டால், பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போயிருப்பார் இல்லையா, அதே கதை. வெளி லூப்பிலும் இதே கோளாறுதான்: அடுத்தடுத்து இரண்டு வரிசை காலியானால் இரண்டாவது தப்பிவிடும். பக்கத்துப் பக்கத்தில் அமைந்தால் மட்டும் நடப்பதால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

வெளி லூப்பைக் கடைசி வரிசையிலிருந்து 2 வரை, உள் லூப்பை 8-லிருந்து 3 வரை, இரண்டுக்கும் ஸ்டெப் மைனஸ் 1 (ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும்) என்று மாற்றினேன். பின்னாலிருந்து வந்தால் நகர்வது எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்த கட்டங்கள்தான். அப்புறம் மேனேஜரைக் கூப்பிட்டு, பழைய மேக்ரோவை எஃப்8 தட்டித் தட்டி ஒவ்வோர் அடியாக ஓட்டிக் காட்டினேன். அந்தப் பெண்களையும் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் காட்டினேன்.

பைத்தான் மொழியில் ஒரே வரியில் ஃபில்டர் செய்து புது லிஸ்ட் எடுக்கலாமே என்று யாராவது வருவார்கள். எடுக்கலாம், முடிகிற இடத்தில் அதுதான் நல்லது. அந்த ஷீட்டில் கலரும் கமென்ட்டும் கட்டத்தோடு ஒட்டியிருந்தன, இருக்கிற இடத்திலேயே நீக்கியாக வேண்டும். பைத்தானிலும் ஒரு லிஸ்ட்டின் மேல் ஃபார் லூப் ஓட்டிக்கொண்டே அதிலிருந்து ரிமூவ் செய்தால் இதே தாண்டல் நடக்கும். நீக்கியதும் எண்ணை ஒன்று குறைத்தால் போதாதா என்பார்கள். எக்ஸெல் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் ஃபார் லூப் கடைசி எல்லையைத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் கணக்கிடும். டேட்டா சுருங்கியபின் கீழே இருப்பது எல்லாம் காலி வரிசை. அதை நீக்கும், எண்ணைக் குறைக்கும், திரும்ப நீக்கும். நிற்கவே நிற்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூவில் வேலூர் பக்கம் என்றால் உடனே காட்பாடியில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகமா என்று கேட்கிறார்கள். இல்லை, ஆர்ட்ஸ் காலேஜ் என்றதும் முகம் மாறிவிடும். அந்த முக்கோணத்தை அச்சிடச் சொல்லிவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த மேக்ரோ கதையைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் நடக்கிறது.

சரி, உங்கள் புரோகிராமுக்கு வருவோம். பைத்தானில் ரேஞ்சுக்கு 5, 0, -1 கொடுத்தால் 1-உடன் நின்றுவிடும்; 0-வும் வேண்டுமென்றால் நடுவில் -1 கொடுங்கள். விபிஏவில் 5-லிருந்து 1 வரை என்று எழுதி ஸ்டெப்பை விட்டுவிட்டால் லூப் ஒருமுறைகூட ஓடாது, எர்ரரும் வராது. சி மொழியில் எண்ணும் மாறியை அன்சைன்ட் இன்ட் (மைனஸ் எண்ணே வைக்க முடியாத வகை) என்று அறிவித்து, பூஜ்யம் அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை ஓடு என்று எழுதாதீர்கள். பூஜ்யத்தில் ஒன்றைக் கழித்ததும் 32 பிட்டில் அது 4294967295 ஆகிவிடும், நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும். சாதாரண இன்ட் போதும்.