தெருவில் தேங்கும் மழைநீர்: யாரைக் கேட்பது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் அரசைத் திட்டுகிறார்கள். மீதிப் பேர் "மக்கள்தான் சரியில்லை" என்கிறார்கள். யாரைக் கேட்பது?

பதில்: இரண்டு தரப்பிலும் உண்மை உண்டு, ஆனால் சரிபாதி இல்லை. பெரிய பங்கு அரசுடையது.

உங்கள் பகுதியின் மழைநீர் இயல்பாகப் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போகும். அந்தச் சதுப்பில் குப்பையைக் கொட்டியது மாநகராட்சி. அதன் குறுக்கே சாலை போட்டதும், ஓரங்களில் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்ததும் அரசுத் துறைகள். எந்தத் தனிமனிதரும் தன் கெட்ட பழக்கத்தால் ஒரு சதுப்பைச் சுருக்கிவிட முடியாது. 2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்திதான், ஆனால் இழந்த நிலம் அதனால் திரும்பி வராது. "மக்கள் திருந்தினால் எல்லாம் சரியாகும்" என்ற பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அனுமதிக் கையெழுத்துப் போட்டவர்களை அது தப்பவிடுகிறது.

சரி, மக்கள் பங்கு? மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைப்பதுதான் முதல் குற்றம். வண்டல் படிந்து, மழைக்கு முன்பே வடிகால் பாதி நிறைந்துவிடும். அடுத்தது, கார் ஏறுவதற்காக வாசலில் போடும் சிமெண்ட் சாய்தளம். அது வடிகாலின் வாயை மூடிவிடுகிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. தொட்டி கட்டிய வீடுகளிலும் அதைத் தூர்வாருபவர்கள் குறைவு. இதைவிட வருத்தம் தருவது வேறொன்று. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே கிடையாது. கேள்வி கேட்க ஆளில்லாத அந்த ஆண்டுகளை நகரம் பெரிய சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இனி செய்ய வேண்டியது. முதலில் சங்கமே தெருவில் நடந்து, கழிவுநீர் இணைப்புகளையும் சாய்தளங்களையும் கணக்கெடுத்து நீக்கட்டும். உங்களைத் திருத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. புகாரோடு போனால் அதிகாரி சொல்லும் முதல் பதிலே "உங்க ஆளுங்கதானே கழிவுநீரை விடுறாங்க" என்பதுதான். அந்தப் பதிலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. உங்கள் தெரு வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, அதன் சரிவு எவ்வளவு, கடைசியாகத் தூர்வாரியது எப்போது என்ற மூன்றையும் கேளுங்கள். பல இடங்களில் ஒரு தெரு வடிகால் அடுத்த வடிகாலோடு சேராமலே முடிந்துபோகும். அப்படி இருந்தால் மனுவுக்கு வரும் பதிலே அதைக் காட்டிவிடும். அந்தப் பதிலோடு, வார்டு மக்கள் குறைகளைப் பேசக் கூடும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய்த் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் கொடுக்கும் புகார்களின் எண்களையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் ஆடி மாதத்திலேயே தொடங்குங்கள். தண்ணீர் வந்தபின் கேட்டால் மோட்டார் பம்புதான் வரும்.