பேரிடர்ப் பகுதிக்கு நாட்டின் தலைவர் உடனே நேரில் செல்ல வேண்டுமா?

மீட்புப் பணி நடக்கும் முதல் சில நாட்களில் செல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் அவருடைய வாகன வரிசைக்காகச் சாலைகள் அடைக்கப்படும், படகில் ஆட்களை மீட்க வேண்டிய காவலர்கள் பாதுகாப்புக்கு நிற்க நேரிடும். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பெருவெள்ளம் வந்தபோது, ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் இதே காரணத்தைக் கூறி, அதிபர் ஒபாமா சற்றுத் தாமதித்து வருவதையே விரும்பினார். ஒபாமா 23ஆம் தேதி அங்குள்ள பேட்டன் ரூஜ் நகருக்குச் சென்றார். அதற்குள் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று விமர்சகர்கள் அவரை வசைபாடியது வேறு கதை. அதே மாநிலத்தில் 2005இல் கத்ரினா புயலுக்குப் பின், நேரில் இறங்காமல் விமானச் சன்னல் வழியே அப்போதைய அதிபர் புஷ் கீழே பார்க்கும் புகைப்படம் அவர் பெயரைக் கெடுத்தது. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சமடைந்தவர்களை வதைத்தது, அவர்களை வெளியேற்றும் பேருந்துகள் நாட்கணக்கில் வராததுதான். பேருந்துகளை அனுப்பும் ஆணையைத் தலைநகரில் இருந்தபடியே பிறப்பிக்கலாம்.