தாத்தா படத்துக்கு வாழ்த்து, பேத்தி படத்துக்கு வருத்தம்

கேள்வி: என் மாமனார் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக (கணக்கு எழுதுபவராக) இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். மாமியார் எங்களோடு இருக்கிறார். மாமனாரின் டிரங்குப் பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள். எஸ்டேட் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும் படம், ஏரிப் படகில் எடுத்தது, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னால் நண்பர்களோடு நின்றது என்று பலவிதம். அவற்றை ஃபோனில் எடுத்து என் ஃபேஸ்புக் டைம்லைனில் போட்டு வந்தேன். வருடக்கணக்கில் பேசாத சொந்தங்கள்கூட ஃபோன் செய்தார்கள். அந்த உற்சாகத்தில், போன மாதம் நடந்த என் நாத்தனார் மகளின் பூப்பு நன்னீராட்டுச் சீர் படங்களையும் போட்டேன். அழைப்பிதழ், சீர்த்தட்டு வரிசை, பெண் மாலையோடு உட்கார்ந்திருப்பது, எல்லாமே. என் கணவர் தாய்மாமன். சீர் எங்கள் வீட்டுச் சீர் என்ற பெருமை எனக்கு. எட்டாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண், வகுப்புப் பையன்கள் படத்தைக் காட்டிக் கேலி செய்ததாக அழுது, பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றாள். 'யாரைக் கேட்டுப் போட்டீங்க?' என்று கேட்ட நாத்தனார் அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. மண்டபத்தில் ஐநூறு பேர் பார்த்தார்கள், வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், நான் போட்டது மட்டும் குற்றமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கணக்கையே மூடிவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: சகோதரி, கணக்கை மூட வேண்டாம். அந்தப் பெண்ணின் படங்களையும் அழைப்பிதழையும் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். மாமனாரின் படங்கள் இப்போதைக்கு இருக்கட்டும். ஒரே டைம்லைனில் அடுத்தடுத்து இருப்பதால் உங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரிகின்றன. எனக்கு அப்படித் தெரியவில்லை.

எடுப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவின் மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் பதிவை ஆர்க்கைவுக்கு மாற்றலாம், அல்லது குப்பைத் தொட்டிக்கு அனுப்பலாம். ஆர்க்கைவில் இருப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். தொட்டியில் போட்டது 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். உங்கள் பதிவை அப்படியே ஷேர் செய்தவர்கள் பக்கத்திலும் படம் தெரியாமல் போகும். ஆனால் டவுன்லோடு செய்தவர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் ஃபோனில் அது இருக்கத்தான் செய்யும். அதனால் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், 'பாப்பா படத்தை யாராவது ஸ்டேட்டஸில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்' என்று எழுதுங்கள். காரணம் எழுதாதீர்கள். எழுதினால் அதையே வைத்து இரண்டு நாள் பேச்சு ஓடும். அதுவும் அந்தப் பெண்ணின் காதுக்குத்தான் போய்ச் சேரும்.

பையன்கள் கைக்குப் படம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தீர்களா? பதிவில் பூமி உருண்டை அடையாளம் இருந்தால் அது பப்ளிக், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'நண்பர்கள் மட்டும்' என்று வைத்திருந்தாலும், அத்தை, சித்தப்பா, அக்கா என்று வரிசையாக டேக் செய்திருந்தால், நீங்கள் அமைப்பை மாற்றாதவரை டேக் ஆனவர்களின் நண்பர்களுக்கும் படம் தெரியும். ஒரு சித்தப்பாவின் நண்பர் வீட்டுப் பையன் அதே பள்ளியில் படித்தால் போதும். ஊர் பெரியதாகத் தெரியலாம். அஸ்தம்பட்டியில் போட்ட படம் அம்மாபேட்டைக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் போக ஒரு நாள்கூட ஆகாது. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் 'நண்பர்கள் மட்டும்' என்று சுருக்கவும் பிரைவசி அமைப்பில் வழி இருக்கிறது. அதையும் செய்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. மண்டபம், மேளம், ஃப்ளெக்ஸ் எல்லாம் இருந்தபோது நான் மட்டும் என்ன செய்தேன் என்கிறீர்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன், வயதுக்கு வந்த பெண்ணின் முகத்தை ஃப்ளெக்ஸில் போட்டுத் தெருமுனையில் கட்டுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் அந்த ஃப்ளெக்ஸ் இரண்டு மூன்று நாளில் அவிழ்ந்துவிடும். மண்டபத்துக்கு வந்தவர்கள் பத்திரிகை வாங்கி, வந்து, மஞ்சளும் அட்சதையும் போட்டு வாழ்த்தி, சாப்பிட்டுப் போனவர்கள். யார் வந்தார்கள் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். டைம்லைனில் வந்து பார்த்தவர் யார், எத்தனை பேர் என்று உங்களாலேயே சொல்ல முடியாது. போதாததற்கு, ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் ஃபேஸ்புக் அந்தப் படத்தை 'மெமரீஸ்' என்று தூக்கி உங்கள் முன்னால் வைக்கும், மறுபடி ஷேர் செய்யச் சொல்லும். அவள் பிளஸ் டூ படிக்கும்போதும் வரும், கல்லூரிக்குப் போன பிறகும் வரும்.

அழைப்பிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை ஒரு முறை எடுத்து வைத்துப் பாருங்கள். மேலே 'பூப்பு நன்னீராட்டு விழா', நடுவில் பெண்ணின் படமும் முழுப் பெயரும், கீழே அப்பா அம்மா பெயர், வீட்டு முகவரி, ஃபோன் நம்பர். முன்பின் தெரியாத ஒருவனுக்கு ஒரு சிறுமியைப் பற்றி எதெல்லாம் தெரியக் கூடாதோ அதெல்லாம் அந்த ஒரு அட்டையில் இருக்கிறது. சொந்தக்காரர் கையில் கொடுக்கத்தான் அதை அச்சடித்தார்கள். எந்த விசேஷமானாலும் பத்திரிகையைப் படமெடுத்துப் பொதுவில் போடும் பழக்கத்தை நாம் எல்லோருமே விட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று. அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லை. தனியாக உட்கார வைத்ததும், உளுந்தங்களி கொடுத்ததும், பட்டுச்சேலை கட்டி எல்லோர் முன்னாலும் உட்கார வைத்ததும் பெரியவர்கள் முடிவு. வீட்டு மனிதர்கள் என்பதால் அவள் பொறுத்துக்கொண்டிருக்கலாம், சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம். தன் உடம்பில் நடந்த ஒரு விஷயம் பக்கத்து பெஞ்சுப் பையனுக்குத் தெரிவது அவளுக்கு எப்படி இருக்கும்? எட்டாம் வகுப்பில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஆகவே மன்னிப்பை முதலில் கேட்க வேண்டியது நாத்தனாரிடம் அல்ல, அவளிடம். 'அத்தை உன்னைக் கேக்காமப் போட்டது தப்புடா கண்ணு. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனிமே உன்னைக் கேக்காம உன் படம் போட மாட்டேன்.' இவ்வளவு போதும். 'ஆசையாத்தானே போட்டேன்' என்று தயவுசெய்து சேர்க்காதீர்கள், அதைக் கேட்டதும் அவள்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சீர் வைத்த தாய்மாமன் இதில் ஒதுங்கி நிற்கக் கூடாது. மாமா வந்து 'நான் பார்த்துக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குழந்தைக்கு எவ்வளவோ தெம்பு. பள்ளியில் வகுப்பாசிரியரிடம் பேசுவதை நாத்தனாரின் முடிவுக்கு விடுங்கள், நீங்களாகப் போய் நிற்காதீர்கள். கேலி எல்லை மீறினாலோ, படத்தை யாராவது திரித்துப் பரப்பினாலோ சைபர் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098.

சீர்த்தட்டு வரிசையை மட்டும், யார் முகமும் இல்லாமல், நாத்தனார் சரி என்றால் நண்பர்களுக்குள் போடலாம். உங்கள் பெருமையில் தவறில்லை. அதற்கு அந்தப் பெண்ணின் முகம் தேவையில்லை, அவ்வளவுதான்.

டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன். இதில் நீங்கள் செய்வது நல்ல காரியம், இன்னும் நன்றாகச் செய்யலாம். படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள்? 'மாமாவின் மலரும் நினைவுகள்' என்று மட்டும் எழுதியிருந்தால், இருபது வருடம் கழித்துப் பார்க்கும் உங்கள் பேரனுக்கு அந்தப் படம் ஊமை. இடமிருந்து வலமாக யார் யார், எந்த இடம், ஏறக்குறைய எந்த வருடம், இதைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். மாமியார் இருக்கிறாரே, இதைவிடப் பெரிய வசதி உண்டா? தினம் ஒரு படத்தை அவர் கையில் கொடுத்துப் பேச விடுங்கள், ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் பேச்சு படத்தைவிட்டு எங்கெங்கோ போகும். போகட்டும், நிறுத்தாதீர்கள்.

பழைய படங்களைத் தேதி மாற்றாமல் ஏற்றினால் எல்லாமே நீங்கள் ஏற்றிய நாளின் கீழ் வந்து குவியும். 2011-இல் ஃபேஸ்புக் டைம்லைனைக் கொண்டுவந்ததே ஒருவரின் வாழ்க்கையை வருட வரிசையில் காட்டத்தான். பதிவின் தேதியைப் பின்னுக்குக் கொண்டுபோக அதில் வழி இருக்கிறது. 1968 என்று போட்டால் படம் அந்த வருடத்தில் போய் உட்காரும். கூகுள் போட்டோஸிலும் தேதியைத் திருத்தலாம். வருடம் தெரியாவிட்டால் படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க ஸ்டுடியோ முத்திரையில் மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தையது, அந்த வருடம்தான் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. தர்மபுரியோ நாமக்கல்லோ சேலம் ஜில்லா என்று எழுதியிருக்கிறதா? தர்மபுரி பிரிந்தது 1965-இல், நாமக்கல் பிரிந்தது 1997-இல். பழைய பழக்கத்தில் எழுதியிருக்கவும் கூடும், எனவே வேறு தடயமும் தேடுங்கள். எஸ்டேட் படங்களில் மாதமும் தெரிய வாய்ப்புண்டு. காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்திருந்தால் மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்த பிறகு. கூடையில் பழம் இருந்தால் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள். மேலே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் உயரத்தை வைத்து, ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களில் எது முந்தையது என்று கண்டுபிடிக்கலாம்.

களத்தில் ஆட்கள் நிற்கும் அந்தப் படம்தான் என் மனதில் நிற்கிறது. ரைட்டர் என்பதால் உங்கள் மாமனாருக்குப் படம் இருந்தது. வரிசையில் நிற்கும் பெண்களுக்கும் மேஸ்திரிக்கும் தங்கள் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம். அவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் சேர்வராயன் மலையின் ஏதோ ஒரு ஊரில் இருப்பார்கள். டைம்லைனில் 'எஸ்டேட் வேலையாட்களுடன் மாமா' என்று எழுதியிருந்தால் முதலில் அந்த வரியை எடுங்கள். படத்தைப் பெரிதாக நாலைந்து பிரிண்ட் போட்டுக்கொண்டு மலைக்குப் போங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வருவார்கள். அதற்கு முன்பே அந்த எஸ்டேட் பக்கம் போய், வயதானவர்கள் யாரிடமாவது காட்டுங்கள். 'இது எங்க அப்பத்தா' என்று ஒருவர் சொன்னாலும் பிரிண்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அந்தப் பெயர்களோடு படத்தைப் போடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் பெட்டியில் இருக்கட்டும்.

மொத்தப் படங்களையும் டைம்லைனில் ஏற்றத் தேவையில்லை. குடும்பத்துக்கு மட்டும் ஒரு தனிக் குரூப், அல்லது கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்வு ஆல்பம் போதும். ஆல்பத்தின் லிங்க் கிடைத்தவர் யாரும் திறந்து பார்க்க முடியும், அதனால் அதைக் கண்டபடி அனுப்ப விடாதீர்கள். இடத்தைக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 2021 ஜூன் முதல் கூகுள் இலவசமாகத் தருவது மின்னஞ்சலும் சேர்த்து 15 ஜிபிதான்.

ஒரே தளத்தை நம்பியும் இருக்காதீர்கள். 2014-இல் ஆர்குட் மூடப்பட்டது, 2019-இல் கூகுள் பிளஸ் போனது. முடிந்தால் ஸ்டுடியோவில் கொடுத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஃபோனில்தான் என்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு வைத்தே எடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

ஸ்கேன் செய்தவை எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு நாத்தனாரிடம் கொடுங்கள். உங்களுக்கு மாமனார், அவருக்கு அப்பா. இந்தப் படங்களைப் போடும்போதும் அவரைக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. எது வெளியே போகலாம், எது வீட்டோடு இருக்கட்டும் என்று அவரும் மாமியாரும் பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்கிற படத்தை டைம்லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.