அகச்சிவப்புக் கதிரால் பிளாஸ்மா அடர்த்தியை அளப்பது: கேள்வி பதில்

கே: பிளாஸ்மா (எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான வாயு) வழியே கதிரைச் செலுத்தி அடர்த்தியை அளக்கும் குறுக்கீட்டுமானி, டோக்காமாக்கின் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவ அணுப்பிணைவுக் கருவி) மைய அடர்த்தியைக் காட்டுமா?

ப: காட்டாது. கதிர் சென்ற பாதை நெடுகிலும் உள்ள எலக்ட்ரான்களின் கூட்டுத்தொகையே கிடைக்கும். மைய மதிப்பு வேண்டுமென்றால் பல பாதைகளில் அளந்து, கணக்கிட்டுப் பிரிக்க வேண்டும்.

கே: ஐயா, 337 மைக்ரோமீட்டர் ஹைட்ரஜன் சயனைடு லேசர் இருக்க, 10.6 மைக்ரோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசர் எதற்கு? கட்ட மாற்றம் (பிளாஸ்மாவைக் கடக்கையில் ஒளியலை இடம்பெயரும் அளவு) குறைந்துவிடுமே?

ப: குறையும், கட்ட மாற்றம் அலைநீளத்துக்கு நேர்விகிதம். கன மீட்டருக்கு 10²⁰ எலக்ட்ரான்கள் கொண்ட ஒரு மீட்டர் பிளாஸ்மாவில் 337க்குச் சுமார் 15 முழுச்சுற்றுகள் (ஒரு சுற்று என்றால் ஓர் அலைநீள நகர்வு), 10.6க்கு அரைச்சுற்றுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அடர்த்திச் சரிவில் கதிர் வளைவது அலைநீளத்தின் இருமடியைப் பொறுத்தது. 337க்கு வளைவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! எரிபொருளாக உறைந்த ஹைட்ரஜன் உருண்டையைச் செலுத்தியதும் அடர்த்தி எகிறும்; கதிர் உணரியை விட்டு விலகும்; சுற்று எண்ணிக்கை தவறும். தவறிய பிறகு வரும் அளவுகள் எல்லாமே பிழை.

கே: அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு லேசரே போதுமே?

ப: அதற்கு எதிரி கருவியின் அதிர்வு. பாதை ஒரு மைக்ரோமீட்டர் நீண்டால், சதுர மீட்டருக்கு 2×10¹⁹ எலக்ட்ரான்கள் இருப்பதுபோல் பொய்யாகத் தெரியும். 337இல் அந்தப் பொய் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே அதே பாதையில் இன்னோர் அலைநீளத்தையும் அனுப்பி அதிர்வைக் கழிக்கிறோம். அமெரிக்காவின் டி-3-டி டோக்காமாக்கில் துணைக்கு ஹீலியம்-நியான் லேசரைப் பயன்படுத்தினார்கள்.

கே: இரண்டு லேசர்கள் வீண் சிக்கல். ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் அணுப்பிணைவுக் கருவியில் ஒரே லேசர்தானே?

ப: வீண் என்பதை மறுக்கிறேன். அங்குள்ள முறை அழகானது: கதிரின் ஒரு பகுதியைப் படிகத்தால் இரட்டை அதிர்வெண்ணுக்கு மாற்றி, இரண்டையும் ஒன்றாக அனுப்பி, வெளியே வந்தபின் மீதியையும் இரட்டிப்பாக்கி ஒப்பிடுகிறார்கள். அதிர்வு தானாகவே கழிந்துவிடும். ஆனால் படிகம் மாற்றித் தரும் ஒளி மிகச் சொற்பம்.

கே: அப்படியென்றால் பிரான்சில் கட்டப்படும் டோக்காமாக்கான ஐட்டரில் இரு லேசர் முறை எதற்கு? பழக்கதோஷமா?

ப: இல்லை. அங்கே ஒரு குறுக்கீட்டுமானியின் வடிவமைப்பில் 10.59, 5.42 மைக்ரோமீட்டர் என இரு லேசர்கள். அதே கதிரின் முனைவாக்கத் தளம் (ஒளியலை அதிரும் தளம்) காந்தப்புலத்தில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் அளப்பார்கள். சுற்று எண்ணிக்கை தவறினாலும் அந்தத் திருப்பம் திருத்திக் கொடுக்கும். நீண்ட நேரம் எரியும் பிளாஸ்மாவுக்கு இந்தக் காப்பு மிகவும் தேவை. ஒரு கருவிக்குப் பொருந்தியது எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் என்று வாதிடாதீர்கள்.

கே: இதிலேயே வெப்பநிலையும் கிடைக்குமா?

ப: கிடைக்காது. அதற்குத் தாம்சன் சிதறலை (எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியை அளக்கும் முறை) படியுங்கள்.

கே: வரும் எண்ணை மைய அடர்த்தி என்று வரைபடத்தில் எழுதலாமா?

ப: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். பாதை நீளத்தால் வகுத்தால் வருவது சராசரி. சராசரி என்றே எழுதுங்கள். எந்தப் பாதை என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.