ஊறுகாய் போட்ட ஆப்ஜெக்ட் திரும்பி வரவில்லையே!

சி++, பைதான், ஆர் என்று இரண்டு மூன்று புரோகிராம் மொழிகளைச் சேர்த்துக் கட்டி வேலை பார்க்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையக் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். "சேமித்தேன், திரும்பத் திறந்தால் வரவில்லை" என்கிற வகையை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஆப்ஜெக்டை ஃபைலில் சேமிக்கவும் திரும்ப எடுக்கவும் பைதானில் இருக்கும் வசதியின் பெயர் பிக்கிள், அதாவது ஊறுகாய். தலைப்பு அதனால்தான்.

குலசேகரத்தில் இருந்து: ரப்பர் பால் எடைக்கும் டிஆர்சி (பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம்) கணக்குக்கும் சி++இல் ஒரு கிளாஸ் எழுதி, சி++ கோடைப் பைதானோடு இணைக்கும் பைபைண்ட்11 வழியாகப் பைதானில் பயன்படுத்துகிறேன் அண்ணே. கணக்கெல்லாம் சரியாக வருகிறது. பிக்கிள் செய்தால் மட்டும் முடியாது என்று டைப் எரர் வருகிறது. பைதானில் எழுதிய கிளாஸ் எல்லாம் பிக்கிள் ஆகிறதே?

பைதான் கிளாஸ் என்றால் அதன் சரக்கு பெரும்பாலும் ஒரு டிக்‌ஷனரியில் இருக்கும். பிக்கிள் அதை அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளும். உங்கள் ஆப்ஜெக்டிலோ பைதான் கையில் இருப்பது வெறும் மேல்தோடு. எடையும் டிஆர்சியும் சி++ பக்கத்து மெமரியில் கிடக்கின்றன. தோட்டுக்குள் அந்த இடத்தின் முகவரி மட்டும்தான். புரோகிராம் நின்றதும் அந்த முகவரி செத்துப்போகும். அதைச் சேமித்து மறுநாள் நீட்டுவது, நேற்றைய ஆஸ்பத்திரி டோக்கனை இன்றைக்குக் காட்டுகிற மாதிரி. பிக்கிள் மறுத்தது உங்கள் நல்லதுக்குத்தான்.

பைபைண்ட்11இல் நீங்களே இரண்டு ஃபங்ஷன் எழுதிக் கொடுக்க வேண்டும். கெட்ஸ்டேட், ஆப்ஜெக்டை மறுபடி உண்டாக்கத் தேவையானதை ஒரு டியூப்பிளாக, அதாவது மதிப்புகளின் வரிசையாகத் தரும். செட்ஸ்டேட், அந்த டியூப்பிளை வாங்கிப் புது ஆப்ஜெக்டைக் கட்டும். உங்களுக்கு இவ்வளவு போதும்:

(1, "கிழக்குத் தோட்டம்", 42.5, 33.0)

42.5 கிலோ பால், டிஆர்சி 33 சதவீதம். உலர் ரப்பர் 14.025 கிலோ என்பதை இதில் போடாதீர்கள், திறக்கும்போது கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தராசு மாட்டியிருக்கும் சீரியல் போர்ட்டையும் சேமிக்க முடியாது. வேண்டுமென்றால் போர்ட்டின் பெயரையும் டியூப்பிளில் சேர்த்து வைத்து, செட்ஸ்டேட்டில் புதிதாகத் திறந்துகொள்ளுங்கள்.

முன்னால் நிற்கும் அந்த 1 பதிப்பு எண். அது எதற்கு என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று மதிப்போடு ஒரு கிளாஸைச் சேமித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தேதியும் வேண்டும் என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். பழைய ஃபைல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. டியூப்பிளின் நீளத்தை வைத்துப் பழையது எது, புதியது எது என்று பிரித்தே ஒரு ராத்திரி போயிற்று. முதலிலேயே எண் போட்டிருந்தால் செட்ஸ்டேட்டில் ஒரு இஃப் வரியோடு முடிந்திருக்கும்.

மார்த்தாண்டம்: நான் எதையுமே சேமிக்கவில்லை. வேலையைத் தனித்தனி பிராசஸாகப் பிரித்து ஓட்டும் பைதானின் மல்டிபிராசசிங்கில் ஒரு பிராசஸ் தொடங்கி, சி++ ஆப்ஜெக்டைக் கொடுத்தேன். லினக்ஸில் ஓடியது, விண்டோஸில் அதே பிக்கிள் எரர்!

லினக்ஸில் ஃபோர்க் என்றால் மெமரியே நகலாகிப் பிள்ளை பிராசஸுக்குப் போய்விடும், பிக்கிளுக்கு வேலை இல்லை. விண்டோஸில் ஃபோர்க் கிடையாது. புது பைதானைத் தொடங்கி, கொடுத்ததையெல்லாம் பிக்கிள் செய்துதான் அனுப்பும். பூல் (வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் பிராசஸ் கூட்டம்) பயன்படுத்தினால் லினக்ஸிலும் பிக்கிள்தான். பைதான் 3.14இல் இருந்து லினக்ஸிலும் தானாக ஃபோர்க் வராது என்பதால், இப்போது ஓடுகிறதே என்று விட்டுவிட வேண்டாம். மேலே சொன்ன இரண்டு ஃபங்ஷனையும் எழுதிவிடுங்கள்.

குளச்சல்: ஆர்-இல் இருந்து பைதானை ஓட்டும் ரெட்டிகுலேட் வழியாகப் பைதான் மாடல் ஒன்றைப் பழக்கி, ஆர்-இன் ஆர்டிஎஸ் ஃபைலாகச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் முகவரி பூஜ்யம் என்று காட்டுகிறது.

இதுவும் டோக்கன் கதைதான். மாடல் இருப்பது பைதான் பக்கத்து மெமரியில், ஆர் கையில் அதன் முகவரிதான். இப்படிப்பட்ட வெளி முகவரியை ஆர் வெறுமையாகவே எழுதும். சேமிக்கும்போது ஒரு வார்த்தை எச்சரிக்காது என்பதுதான் எரிச்சல். ரெட்டிகுலேட்டிலேயே பை சேவ் ஆப்ஜெக்ட், பை லோட் ஆப்ஜெக்ட் என்று பிக்கிள் வழியாகச் சேமித்துத் திறக்கும் இரண்டு ஃபங்ஷன் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். வெறும் அட்டவணை என்றால் பிக்கிளே வேண்டாம். அட்டவணைக்கென்றே இருக்கும் பார்க்கே ஃபைலாக வைத்தால் இரண்டு மொழியும் படிக்கும்.

தோவாளை: பைதானில் இருந்து ஜேசனில் (மொழிகளுக்கிடையே தகவலை எழுத்தாக அனுப்பும் முறை) அனுப்பும் ரசீது எண் 9007199254740993, பிரௌசரில் 9007199254740992 ஆகிவிடுகிறது. ஜேசன் பாதுகாப்பு என்றார்களே?

ஜேசன் மேல் குற்றம் இல்லை. பைதான் முழு எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது. பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட் டபுள், 2இன் 53ஆம் அடுக்கைத் தாண்டினால் ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியாகப் பிடித்துவைக்க அதற்கு இடம் இல்லை. ரசீது எண்ணைக் கூட்டிக் கழிக்கவா போகிறீர்கள்? மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்புங்கள்.

தக்கலை: யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிக்கிள் ஃபைலைத் திறக்கலாமா?

கூடாது. பிக்கிளைத் திறப்பதே அதற்குள் இருக்கும் கட்டளையை ஓட விடுவதுதான்.

கருங்கல்: கிளாஸை வேறு மாட்யூலுக்கு மாற்றினேன். பழைய பிக்கிள் எதுவும் திறக்கவில்லை.

பிக்கிளில் கிளாஸின் புரோகிராம் வரிகள் இருக்காது. மாட்யூல் பெயரும் கிளாஸ் பெயரும்தான் இருக்கும். பழைய மாட்யூலை அழித்துவிடாமல், அதில் ஒரே ஒரு இம்போர்ட் வரி போட்டுப் புது இடத்துக் கிளாஸைக் கொண்டுவாருங்கள். எல்லா ஃபைலும் திறக்கும். திறந்த கையோடு ஒருமுறை மறுபடி சேமித்தால் புதுப் பெயர் ஏறிக்கொள்ளும், அப்புறம் அந்தப் பழைய மாட்யூலைத் தூக்கிவிடலாம்.