எக்லிப்ஸில் (புரோகிராம் எழுதும் மென்பொருள்) பிளகின் (அதற்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டால் ‘தேவையான ஒன்று கிடைக்கவில்லை’ என்று நிற்கிறது. வன்னியில் மல்லாவியில் இருக்கிறேன், நெற்றும் மந்தம். என்ன செய்யலாம்?

எக்லிப்ஸை அழித்துவிட்டுப் புதிதாக இறக்காதீர்கள். நூற்றுக்கணக்கான எம்பி டேட்டா போகும், அதே மெசேஜ் திரும்ப வரும்.

மெசேஜின் அடியில் ‘மிஸ்ஸிங் ரிக்குவயர்மென்ட்’ என்ற வரியை வடிவாக வாசியுங்கள். எந்த பண்டில் (பிளகின் ஓடத் தேவையான மென்பொருள் துண்டு) இல்லை, எந்த வேர்ஷன் வேண்டும் என்று அதிலேயே இருக்கும். [3.5.0,4.0.0) என்றால் 3.5.0 முதல் 4.0.0க்குக் கீழே உள்ளவை மட்டும் சரி. சதுர அடைப்பு எண்ணைச் சேர்க்கும், வளைந்த அடைப்பு விலக்கும். ‘ஓஎஸ்ஜிஐ.ஈஈ’, ‘ஜாவாஎஸ்ஈ’ என்று வந்தால் பண்டில் குறைவில்லை, எக்லிப்ஸ் ஓடும் ஜாவா பழசு. 2022-09 வெளியீட்டிலிருந்து எக்லிப்ஸுக்கே குறைந்தது ஜாவா 17 வேண்டும், 2024-09 இலிருந்து ஜாவா 21. எக்லிப்ஸ் போல்டரில் உள்ள எக்லிப்ஸ்.ஐஎன்ஐ கோப்பில், எந்த ஜாவாவில் ஓடுவது என்று சொல்லும் -விஎம் ஒரு வரியிலும் புது ஜாவாவின் பாதை அடுத்த வரியிலும் இருக்கவேண்டும். இரண்டும் -விஎம்ஆர்க்ஸுக்கு மேலே.

பண்டில்தான் இல்லை என்றால், டேட்டா மிச்சம் பிடிக்க பிளகின் போடும் ஜன்னலில் ‘கொன்டாக்ட் ஓல் அப்டேட் சைட்ஸ்’ (எல்லாத் தளங்களிலும் தேடு) என்ற ரிக்கை எடுத்துவிட்டீர்களா பாருங்கள். எங்கள் பக்கம் பலர் செய்வது அதைத்தான். எடுத்தால் பிளகினின் தளத்தை மட்டுமே தேடும். அது சார்ந்திருக்கும் பண்டில்கள் எக்லிப்ஸின் வெளியீட்டுத் தளத்தில் கிடக்கும். ரிக்கைத் திரும்பப் போடுங்கள். டேட்டாவை வேறு வழியில் மிச்சம் பிடிக்கலாம்: பிரிஃபரன்ஸஸில் ‘அவைலபிள் சொஃப்ட்வெயர் சைட்ஸ்’ போய், பிளகின் தளத்தையும் உங்கள் வெளியீட்டுத் தளத்தையும் தவிர மற்றதெல்லாம் டிஸேபிள் செய்யுங்கள். உங்களிடம் 2023-12 என்றால் தளமும் 2023-12 ஆக இருக்கட்டும். ‘லேட்டஸ்ட்’ என்று முடியும் முகவரியைப் போட்டால் புது வேர்ஷன்கள் கலந்து வேறு மோதல் வரும்.

எக்லிப்ஸுக்குள்ளேயே பிளகின் தேடிப் போடும் மார்க்கெட்பிளேஸில் இரண்டு கிளிக்கில் வருமே என்று கொழும்பிலிருந்து யாராவது எழுதக்கூடும். ஃபைபர் இருக்கிற வீட்டில் சரி. ஆனால் அங்கேயும் உள்ளே நடப்பது இதே தேடல்தான், இதே மெசேஜ்தான் வரும்.

கோர்ஸ் நடத்துகிறவர்கள் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. பென்ட்ரைவில் ஒரு ஜார் கோப்பை (பிளகின் இருக்கும் கோப்பு) கொடுத்து ‘எக்லிப்ஸின் டிரொப்இன்ஸ் போல்டருக்குள் போடு’ என்று அனுப்பிவிடுகிறார்கள். சார்ந்த பண்டில் இல்லாவிட்டால் அங்கே ஒரு எச்சரிக்கையும் காட்டாது, பிளகின் மெனுவில் வராது, அவ்வளவுதான். பிள்ளை தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நெற் சரிவராவிட்டால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நல்ல நெற் உள்ள ஒருவரின் கணினியில், அதே விண்டோஸ் வகையில், எக்லிப்ஸின் ஜிப் பொதியை விரித்து பிளகினைப் போட்டு, முழுப் போல்டரையும் கொப்பி செய்து வாருங்கள். ஜிப்தான் வேண்டும். எக்லிப்ஸ் இன்ஸ்டோலரால் போட்டால், வழமையாகப் பண்டில்கள் யூசர் போல்டருக்குள் ‘.பி2’ என்ற இடத்தில் போய் இருக்கும். எக்லிப்ஸ் போல்டரை மட்டும் கொண்டுவந்தால் திறக்காது. இன்ஸ்டோலர்தான் இருக்கிறதென்றால் போடமுன் ‘பண்டில் பூல்’ (பண்டில்களை அந்தப் பொது இடத்தில் வைப்பது) தெரிவை நிறுத்திவிடுங்கள்.