சின்ன மோட்டார் படகு: பேட்டரி, பம்ப், அடியில் தேங்கும் தண்ணீர்

பெண்ணாகரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். நாகமரை, ஒட்டனூர் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீரில் ஓடும் படகுகளுக்கும் வயரிங் செய்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப்) ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வெளியே வரவில்லை. புதுசு வாங்கிவிடலாமா? (நாகமரை)

அவசரப்படாதீங்க தம்பி. அடியில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். இதே மாதிரி வந்த ஒரு பம்பைத் திறந்தால், வலையிலிருந்து அறுந்த நைலான் நூல் விசிறித் தண்டில் விரல் கனத்துக்குச் சுற்றியிருந்தது, அதற்குள் மீன் செதில் வேறு. பிளேடால் அறுத்து எடுத்ததும் பழையபடி தள்ளியது. அது சுத்தமாக இருந்தால் ஹோஸைப் பாருங்கள், நடுவில் தொய்ந்த இடத்தில் தண்ணீர் நின்றுகொண்டால் காற்று அடைத்துவிடும்.

சத்தமே மந்தமாக இருந்தால் விஷயம் வேறு. பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.4 வோல்ட், பம்ப் முனையில் 10.5 என்றால் நடுவில் ஏதோ ஜாயின்ட்டில் வோல்டேஜ் வீணாகிறது. என்னிடம் வரும் "பழுதான" பம்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான், நெகட்டிவ் வயரைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி மழையில் படகு பாதி முழுகிவிட்டது. தண்ணீர் ஏறினால் தானாகவே பம்பை ஓட்டும் ஃப்ளோட் சுவிட்ச் இருந்தும் ஏன்? (கிருஷ்ணகிரி)

ஃப்ளோட் சுவிட்ச் வயரை மெயின் சுவிட்சுக்குப் பிறகு எடுத்திருக்கிறார்கள். நேராகப் பேட்டரியிலிருந்து வர வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்குத் தனி ஃபியூஸ், எத்தனை ஆம்பியர் என்று பம்ப் தயாரித்தவர் போட்டிருக்கும் அளவுதான். அதற்காகப் பேட்டரியை நம்பி நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள். 2 ஆம்பியர் இழுக்கும் பம்ப் ஒரு நாள் நிற்காமல் ஓடினால் பேட்டரியிலிருந்து 48 ஆம்பியர்-ஹவர் (Ah) போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே தார்ப்பாய் கட்டுங்கள்.

பெரிய பம்ப் போட்டால் அடியில் ஓட்டை விழுந்தாலும் தாங்குமா?

தாங்காது. நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே ஒரு அங்குல ஓட்டை விழுந்தாலே நிமிஷத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். டப்பாவில் மணிக்கு 1,900 லிட்டர் என்று போட்ட பம்ப், ஹோஸ் மேலே ஏற ஏற அதையும் தள்ளாது. பம்ப் உங்களைக் கரை சேர்க்க நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஒரு வாளி எப்போதும் படகில் இருக்கட்டும்.

வீட்டு வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

போதாது. டேப்புக்குள் ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்து, உறையைச் சீவினால் ஒரு சாண் தூரம் உள்ளே வரை கருத்திருக்கும். வெள்ளீயம் பூசிய பல இழை வயர், லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்து அழுத்தி, மேலே சூடு காட்டினால் சுருங்கும் பசையுள்ள குழாய். ஜாயின்ட் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு மேலே இருக்கட்டும்.

காலையில் பலகையைத் தூக்கினால் பெட்ரோல் வாசனை வருகிறது.

இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில்தான் போய்ப் படுக்கும். அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பொறி வரும். எல்லோரையும் கரையில் இறக்கி, பலகைகளைத் திறந்துவிட்டு, வாசனை முழுக்கப் போன பிறகு டேங்க் குழாயில் எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

டிரெய்ன் பிளக் (படகில் தேங்கிய தண்ணீரை வடிக்கும் ஓட்டையின் மூடி) வழியாகச் சொட்டுகிறது அண்ணா.

வாஷரை மாற்றுங்கள், மரையில் ஒட்டிய மணலைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். படகைக் கரையேற்றியதும் பிளக்கைக் கழற்றிச் சாவிக் கொத்திலேயே மாட்டிவிடுங்கள், அது இல்லாமல் மறுநாள் தண்ணீரில் இறக்க மாட்டீர்கள்.